லிஃப்டைப் பூட்டினவன்

— சட்டைப் பாக்கெட்ல இதென்ன துணி? நார் நாரா கிழிஞ்சு... எலி கடிச்ச மாதிரி.

— அதத் தொவைக்காத. அப்படியே வை.

— லிஃப்ட் செக் பண்ற மனுஷனக் கட்டிக்கிட்டா கிரீசும் கந்தலும்தான் மிச்சம்.

— நீ ஏன் நொண்டுற?

— கடைக்குப் போனேன்... கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. பேச்ச மாத்தாதீங்க. மணி ரெண்டுதான் ஆகுது, அதுக்குள்ள வீட்ல என்ன பண்றீங்க?

— அரை நாள் லீவு.

— நம்ம குட்டிப் பாப்பா பொறந்த அன்னிக்கே எடுக்காத லீவா?

— கொஞ்சம் தண்ணி குடு.

— ஏங்க. என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.

— வேலை போயிடுச்சு.

— விளையாடாதீங்க.

— ஒரு கையெழுத்துதான் கேட்டாங்க, லிஃப்ட் நல்லா இருக்குன்னு. நான் போடல.

— ஏன்?

— அந்தத் துணியக் கேளு. லிஃப்டத் தூக்குற இரும்புக் கயிறுல அதச் சுத்தி இழுப்போம். நல்ல கயிறுன்னா வழுக்கிட்டு வரும். கயிறுல ஒரு கம்பி இழை அறுந்திருந்தா துணி மாட்டும். இன்னிக்கு ஒரு முழம் நகரல. நாலு கயிறுல மூணு அப்படி.

— சொல்லிட்டுக் கையெழுத்தப் போட வேண்டியதுதானே...

— சொன்னேன். 'இன்னும் ஒரு மாசம் தாங்கும், போடுய்யா'ன்னார் மேனேஜர். நான் லிஃப்டப் பூட்டிட்டு, நேரா சர்க்கார் ஆபீஸ் போய் எழுதிக் கொடுத்துட்டேன். வந்து சீல் வெச்சுட்டாங்க. பதினோரு வருஷம்... கழுத்துல கெடந்த அட்டையக் கழட்டி வாங்கிட்டார்.

— எங்கள நினைச்சீங்களா?

— நினைச்சேன்.

— எங்க நினைச்சீங்க. யாரோ எவரோ, மூஞ்சி தெரியாதவங்களுக்காக எங்க ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்திட்டீங்க. அவங்க வந்து உங்களுக்கு நன்றி சொல்லப் போறாங்களா?

— நன்றியா? பூட்டி அஞ்சு நிமிஷம் ஆகல, கீழ ஒருத்தி சாபம் விட ஆரம்பிச்சுட்டா. நான் உச்சில மெஷின் ரூம்ல இருக்கேன், லிஃப்ட் குழி வழியா வந்து காதுல அடிக்குது. எதிரொலியில குரல் மனுஷக் குரல் மாதிரியே இல்ல. 'பூட்டினவன் வீட்ல அடுப்பு எரியாமப் போக'ன்னா. மத்தியானமே பலிச்சிடுச்சு பாரு.

— ...எந்தக் கட்டடம்?

— பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, நீலக் கண்ணாடி போட்டது.

— நீலக் கண்ணாடியா?

— என்ன, தரையில உக்காந்துட்ட? வேற எடம் பாத்துக்கலாம்மா. ஏறினவங்க பத்திரமா இறங்கணும்... என் வேலையே அதானே.

— அந்தக் கயிறு... எப்போ அறுந்திருக்கும்?

— எப்ப வேணா. காலையில கூட்டம் ஏறுற நேரந்தான் பயம்.

— அவ... அதோட விட்டாளா?

— எங்க விட்டா. படியேறிக்கிட்டே இன்னும் ஏதோ சொன்னா. பாதிதான் கேட்டுச்சு. 'அவன் பொண்டாட்டி'ன்னு...

— 'அவன் பொண்டாட்டி இந்த ஏழு மாடியும் நடந்தே ஏறட்டும்.'

— ஆமா... உனக்கு எப்படித் தெரியும்?

— சொன்னதும் நான்தான், ஏறினதும் நான்தாங்க. ரெண்டு மாசமா ஏழாவது மாடி ஆபீஸப் பெருக்கித் தொடைக்கிறேன்... வேணாம்பீங்கன்னு சொல்லல. தினம் ஒன்பதே காலுக்கு அந்த லிஃப்ட்லதான் போவேன்.