வட்டமும் கோடும்

டீ வேண்டாம் ஐயா. காலையில் பூசை முடிந்து வரும் வழியிலேயே குடித்துவிட்டேன். ஏட்டு நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கிறது.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். திண்டுக்கல்லில் பதினாறு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டடம் சுருட்டுக் கம்பெனி. அங்கே சுருட்டுச் சுற்றும் பெண்களுக்குக் கடிதம் வந்தால் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் படித்துச் சொல்வேன். ஒருத்தரிடமும் முகம் சுளித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உம்மு சல்மா பேகம்பூரில் இருந்தவர். கணவர் இறந்த பிறகு மகள் ஆரிபாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே இரண்டு சரக்கு செய்தார். ஒன்று, கைக்குழந்தைக்கு வயிறு பொருமினால் கொடுக்கும் ஓமநீர். மற்றது, முட்டிவலிக்குத் தேய்க்கும் தைலம். ஊட்டிப் பக்கமிருந்து வரும் ஓர் இலை எண்ணெயில் கற்பூரம் சேர்த்துச் செய்வார். இரண்டையும் ஒரே அளவுக் குப்பியில்தான் அடைப்பார். தாடிக்கொம்பு, சாணார்பட்டி வரைக்கும் கடைகளில் போனது.

அவருடைய பழைய லேபிள்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓமநீரில் சிவப்புப் பூ வளையத்துக்குள் ஒரு குண்டுக் குழந்தை. தைலத்தில் ஒரு காளை. எழுத்தெல்லாம் வால் வைத்து, கொடி சுற்றி, நிழல் போட்டு, பார்க்கவே சகிக்காது. ஒருவர் கையால் அவ்வளவு சுத்தமாகச் செய்த பொருளின் மேல் அப்படி ஒரு காகிதத்தை ஒட்டுவது பாவம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில் ஒரு ஜெர்மன் அச்சு எந்திரத்தின் விலைப்புத்தகம் என் கைக்கு வந்தது. அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளில் வட்டமும் கோடும் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கனம். பேனா ஏறிய இடம், இறங்கிய இடம் என்று ஒன்றும் தெரியாது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காம்பஸையும் அடிக்கோலையும் எடுத்துத் தமிழில் அதே முறையில் வரைந்தேன். ‘சல்மா’ என்ற பெயர் அந்த எழுத்துக்கென்றே வைத்தது மாதிரி அமைந்தது. வெள்ளைக் காகிதம், கறுப்பு மை. மேலே பெரிதாக ‘சல்மா’. கீழே ஒரே வரி, ‘ஓமநீர்’ அல்லது ‘வலித்தைலம்’. படம் கிடையாது. மதுரையில் அதற்கு அச்சுப் பிளாக் செய்து வாங்கினேன்.

சல்மா அதைப் பழைய லேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, “அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா எழுத்துத் தெரியாதவங்க என்ன செய்வாங்க? அவங்களுக்குப் பிள்ளைப் படம்தானே அடையாளம்” என்று கேட்டார். காலம் மாறுகிறது, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வருகிறது என்று விளக்கினேன். அவர் அரைமனதாகச் சம்மதித்தார். தைலத்து லேபிளில் ‘வெளியே தேய்க்க மட்டும், குழந்தைகளுக்கு விஷம்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்த வரியை அச்செழுத்தில் கோத்துப் பார்த்தேன். எத்தனை சின்ன எழுத்தில் போட்டாலும் அடியில் கூட்டம் சேர்ந்து வட்டத்தின் அமைதி கெட்டுப்போனது. எடுத்துவிட்டேன். அவர் கேட்டபோது, அடுத்த தடவை சேர்த்துவிடலாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தாடிக்கொம்பில் கடை வைத்திருக்கும் சௌகத் அலி அச்சகத்துக்கு வந்தார். பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கும்போது தனக்கே குப்பி மாறிப்போகிறது என்றார். பழையபடி படம் போடச் சொல்லி சல்மா கொடுத்த சீட்டையும் தந்தார். ஆகட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மதுரையில் கைத்தொழில் பொருட்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. கைவினைச் சரக்குக்கு அழகான லேபிள் போட்டவருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். நடுவில் மாற்றினால் எல்லாம் வீணாகிவிடும். புது லேபிளிலேயே இன்னும் இரண்டாயிரம் அடித்து அனுப்பினேன்.

பொருட்காட்சிக் குழுவிலிருந்து பரிசுக்கு லேபிளைப் பார்வையிட முத்துச்சாமி என்பவர் வந்த தேதி அறுபத்து மூன்று ஆகஸ்டு ஒன்பது, வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். விஷயம் தெரிந்த மனிதர். பிளாக்கைக் கையில் வைத்து விரலால் தடவிப் பார்த்தார். இந்த எழுத்தைக் குழந்தைகூடப் படித்துவிடும் என்றார். அந்த வார்த்தை அப்படியே என் நினைவில் இருக்கிறது.

அப்போதுதான் அன்னாள் உள்ளே வந்தாள். பக்கத்துக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவள், வீடு தாடிக்கொம்பில். அவளுக்கு வந்த கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, அல்போன்சா. கையில் ஒரு குப்பி.

“அண்ணே, செத்த இதைப் படிச்சுச் சொல்லுங்க. சௌகத் அலி கடையில ஓமத்தண்ணின்னு கேட்டு வாங்குனேன். விடிய ஒரு சங்கு குடுத்தேன். பிள்ளை வாந்தியா எடுக்குறா, மேல்மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். குடுத்தது சரியான மருந்துதானான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிருவோம்னு வந்தேன்.”

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். படிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. ‘வலித்தைலம்’ என்று இருந்தது. மூடி வழியாக வாசனையும் வந்தது. முத்துச்சாமி இரண்டடி தள்ளி நின்று பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓமநீர்தாம்மா” என்றேன். “பல்லு முளைக்கிற நேரம், வாந்தி வரத்தான் செய்யும். இன்னொரு சங்கு குடு, அடங்கிரும். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையுற, வீட்டுக்குப் போ.”

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நீங்க சொன்னாப் போதும்ணே” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் தாடிக்கொம்பு பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிட நடை. முத்துச்சாமி குழந்தைக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை, பல் முளைக்கிறது என்றேன். பிறகு காகிதத்தின் தரத்தைப் பற்றிப் பேசினோம்.

குழந்தை அன்று சாயங்காலம் இறந்துபோனது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

மீதி உங்கள் கேஸ் கட்டிலேயே இருக்கும். குப்பி சல்மாவுடையது என்பதால் அவரைக் கைது செய்தார்கள். எச்சரிக்கை வரியை எழுதிக் கொடுத்தேன், படம் போடச் சொல்லிச் சீட்டும் அனுப்பினேன் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். அப்படி எதுவும் எனக்கு வரவில்லை என்று சொன்னேன். இரண்டு காகிதத்தையும் அதற்கு முன்பே அடுப்பில் போட்டிருந்தேன். சௌகத் அலி சீட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். குப்பியை மாற்றிக் கொடுத்தவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சகத்து அண்ணன் படித்துப் பார்த்து ஓமநீர் என்றார், இன்னொரு சங்கு கொடுக்கச் சொன்னார் என்று அன்னாள் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், மனசு கலங்கிப் பேசுகிறாள் என்று நான் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னேன். சல்மாவுக்கு ஒரு வருடம் போட்டார்கள். எட்டாவது மாதம் ஜெயிலிலேயே மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். வழக்கு விவரத்தோடு பேப்பரில் நாலு வரி வந்தது. ஆரிபா இப்போது தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்குப் போகிறாள் என்று கேள்வி.

அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் முத்துச்சாமி உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அன்றைக்குத் தன் காதால் கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறார். மறுக்க ஒன்றும் இல்லை. பரிசுச் சான்றிதழிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தெரிந்தே சொன்னாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் சொன்னேன். தைலம் என்று படித்தேன், ஓமநீர் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் குப்பியைப் படிப்பார், லேபிளைப் பற்றிப் பேச்சு வரும், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாவது சங்கை அந்தக் குழந்தைக்கு நான்தான் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் ஐயா. அன்னாள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. முத்துச்சாமி அன்று பகல் ஒரு மணி ரயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால், நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.