நோஞ்சான் வரிசை

என் மைத்துனன் தங்கமான பிள்ளை. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாலும் குறை சொல்லாமல் குடித்துவிட்டுப் போவான். விசாரணைக் குழு இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

சோயாவில் துரு நோயைத் தாங்கும் இரண்டு மரபணுக்களை ஒரே செடியில் சேர்க்க எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. தாங்கும் என்று நான் சொன்னால் போதாதாம், நிரூபிக்க வேண்டுமாம். அதற்காக, நோய்க்குச் சட்டென்று விழுகிற பழைய ரகத்தைப் பக்கத்திலேயே விதைப்போம். நோஞ்சான் வரிசை என்போம். அது கருகி, அதே காற்றில் என் செடி பச்சையாக நின்றால்தான் சோதனை செல்லும். முதல் வருடம் நோஞ்சானே கொழுகொழுவென்று வளர்ந்து தொலைத்தது. ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். “நோயே வரலையேய்யா, எதைத் தாங்கிச்சு உன் செடி? மூணு வருஷத்துல காட்டு, இல்லேன்னா மூட்டையக் கட்டு.”

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் மைத்துனனின் நிலம். துரு காற்றில் பரவும் நோய்; காற்று அங்கிருந்துதான் எங்கள் பக்கம் வீசும். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. கல்யாணம் அப்படி அமைந்துவிட்டது.

அவனுக்குப் பழைய ரக விதையைக் கொடுத்தேன். “மாமா குடுத்தா சரியாத்தான் இருக்கும்” என்று வாங்கிக்கொண்டான். நோய்ப் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து அவன் வயலில் தெளித்ததும் நான்தான். சத்து மருந்து என்றேன். பாவம், தெளிப்பானை வயல்வரை தன் முதுகிலேயே சுமந்து வந்தான். இருபதே நாளில் இலையெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் என் செடிகள் அவ்வளவு பச்சை.

அடுத்த வருடமும் அதே கதை. மூன்றாம் வருடம் சோளம் போடப்போவதாகச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோயாத் துரு சோளத்தைத் தொடாது. “அவசரப்படாத மாப்ள, மண்ணு இப்பத்தான் பக்குவத்துக்கு வந்திருக்கு” என்று பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். அந்த அறுவடையோடு பாதி நிலம் கடனில் கையைவிட்டுப் போனது. “என் தம்பி வயலை மட்டும் ஏங்க இப்படிப் புடிச்சு ஆட்டுது?” என்றாள் மனைவி. அவன் தலையெழுத்தை இருவருமாக நொந்துகொண்டோம்.

என் ரகம் வெளியானது. கைதட்டல் ஓய்ந்ததும் மைத்துனன் வந்து கையைப் பிடித்தான். “மாமா, மிச்சமிருக்குற நிலத்துக்காவது இந்த விதையக் குடுங்க.”

கொடுத்திருக்கலாம். ஆனால் வெளியான ரகத்தையும் நோஞ்சான் பக்கத்தில் வைத்து இரண்டு வருடம் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. புது ரகத்தின் பையில் பழையதை நிரப்பித் தைத்தேன். இரண்டாம் வருடம் தைத்த பையைப் பண்ணைக் கிடங்குக்காரர் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதிப் போட்டார்.

நீங்கள் விசாரித்தபோது மைத்துனன், “எங்க மாமா அப்படிச் செய்யுற ஆளில்ல” என்று கிடங்குக்காரரிடம் சண்டைக்கே போனானாமே. இப்படி ஓர் உறவு அமைய நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தயவுசெய்து அவனிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். இன்னும் ஒரு வருடச் சோதனை பாக்கி இருக்கிறது.