தரைக்கு முப்பது அடி

பாராசூட்டில் முதல் தடவை குதிக்க வருபவர்களுக்கு ஆகாயத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. தரையைப் பற்றித்தான் கேட்பார்கள். கால் உடையுமா என்பார் ஒருவர். எந்தக் கால் என்பார் பக்கத்தில் இருப்பவர். பதினாறு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: நான் சொல்வதைச் செய்தால் ஒன்றும் ஆகாது.

போலீஸிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் முறையாகவே சொல்கிறேன். கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. தூரத்து மரங்களைப் பார்க்க வேண்டும். தரை பத்துப் பன்னிரண்டு அடியில் வரும்போது தலைக்கு மேலே பாராசூட்டிலிருந்து தொங்கும் இரண்டு கைப்பிடிகளையும் இடுப்பு வரை இழுத்தால் வேகம் குறைந்துவிடும். படியிறங்குவது போல இறங்கலாம். உயரத்திலேயே இழுத்துவிட்டால், இழுத்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்பென்று விழுவோம், கணுக்கால் போகலாம், அவ்வளவுதான். பயந்து கைகளை மேலே விட்டால் மட்டும் பாராசூட் முன்னால் பாய்ந்து ஆளைத் தரையில் அறைந்துவிடும்.

புதியவர்களுக்கு உயரம் கணிக்கத் தெரியாது. அதனால் தோளில் ஒரு ரேடியோ கட்டி அனுப்புவோம். கீழே நின்று நான் சொல்வேன், அவர்கள் செய்வார்கள். திரும்பப் பேச அதில் வழியில்லை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

என் தங்கை கணவர் நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாராவது எனக்குப் பொறாமை என்பார்கள். குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார், சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். அவளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டேன். அப்படி இருக்கச் சொல்லி அவள் கேட்கவில்லைதான். எல்லாவற்றையுமா வாய்விட்டுக் கேட்பார்கள்?

மூன்று மாதத்துக்கு முன்பு அவருக்குத் தூரத்து ஊரில் நல்ல வேலை கிடைத்தது. இருவரும் போவதென்று முடிவு செய்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். "நீங்களும் தனியா இருந்து பழகணுமில்ல, மச்சான்," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

போவதற்குள் ஒரு தடவை குதித்துப் பாருங்களேன் என்று நானே கூப்பிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியில் கையைத் தூக்கினார்.

"வகுப்புல ஒண்ணு சொல்லிட்டு ரேடியோல வேற சொன்னீங்கன்னா எதைக் கேக்கறது, மச்சான்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

"ரேடியோவைத்தான், மாப்பிள்ளை. கீழ நிக்கறவனுக்குத்தான் தரை தெரியும்."

எங்கள் பாராசூட் கிளப்பின் விதியும் அதுதான். நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

அன்று காற்றே இல்லை. அழகாக வந்தார். கால்கள் சேர்ந்திருந்தன, பார்வை மரங்கள் மேல். அவ்வளவு ஒழுங்கான மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. முப்பது அடியில் "இழுங்க" என்றேன். இழுத்தார். பாராசூட் அந்தரத்தில் தயங்கியது. பாடம் நினைவிருந்திருக்கிறது, இழுத்த கைகளை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தார்.

"விடுங்க, மாப்பிள்ளை," என்றேன்.

விட்டார்.

பயத்தில் கையை விட்டுவிட்டார், புதியவர்கள் செய்வதுதான் என்று கிளப் அறிக்கை எழுதியது. ரேடியோவில் நான் என்ன சொன்னேன் என்று உங்களைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவரே, "பயந்துட்டேன் போலிருக்கு, மச்சான்," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

கொல்ல நினைத்தேனா என்கிறீர்கள். கால் ஒன்று உடைந்து, அந்த வேலை கைவிட்டுப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். முதுகெலும்பு நான் கணக்கில் வைக்காதது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, மாடி ஏற முடியாது. கீழே என் அறையையே கொடுத்திருக்கிறேன்; நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வெளியே நின்று தங்கை அன்று போனில் படம் எடுத்திருக்கிறாள். போன வாரம் அதை என் முன்னால் வைத்தாள்.

"கையை இறுக்கித்தானேண்ணா பிடிச்சிருக்காரு. பயந்தவரு அப்படியா பிடிப்பாரு?"

பார்த்தேன். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன். இன்று காலை நீங்கள் வந்து மணி அடிப்பதற்கு முன்பே என் சட்டைகளைத் தேய்த்து, மடித்து, பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் அண்ணனை விட்டு எங்கே போகப் போகிறாள், சொல்லுங்கள்.