ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

...இலவசமாகத் துடைத்துத் தருகிறேன் என்று முகம் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்றால், உங்கள் அம்மா அவனை பீரோ இருக்கிற அறைக்குள் விடுவார்களா? விடவே மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஏன் விடுகிறோம்?

தோழிகளே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு குட்டிச் சம்பவத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை... இங்கே யாருக்கு யார் சொந்தம் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு எதிரே செண்பகவல்லி அக்கா ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற இசக்கி வந்தாள். அவளுடைய பெண்குழந்தை கணவன் வீட்டில் இருக்கிறது. பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லி கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். அதற்கான வாக்குமூலத்தை அவள் சொல்லச் சொல்ல, அக்கா டைப் அடித்தார். கடையில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் அந்த ஒன்றையும் சொன்னாள்... பிள்ளை அழுதால் மாடி அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேப்பரை இப்பவே வாங்கிக்கிடட்டுமாக்கா?"

"பிரிண்டருக்கு மாலை போட்டாச்சு இசக்கி. பூஜை முடியாம தொடக்கூடாது. லீவு முடிஞ்சு வா, முதல் பிரிண்ட் உனக்குத்தான்."

ஆமாம், அன்றைக்கு ஆயுத பூஜை. இசக்கி போனபிறகு அக்கா கம்ப்யூட்டரைத் துடைத்தார். அக்காவின் கணவர் முருகையா சும்மா இருந்தாரா? "வெளிய மட்டும் தொடச்சாப் போதுமா? உள்ள ஒரு வண்டிக் குப்பை கிடக்கு. உன் கம்ப்யூட்டர் நம்ம டவுன் பஸ்ஸை விட மெதுவால்லா ஓடுது!"

அக்காவுக்கு ரோஷம். கம்ப்யூட்டரில் ஒரு பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள் இருந்தது. புதியது வந்தபிறகு அதைத் தொடுவதே இல்லை. அதை அடியோடு நீக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினார். முதலில் வந்த ஒன்றை இறக்கினார். நீக்குவதற்கென்றே ஒரு மென்பொருள்! செய்தது யார்? எந்த ஊர்? எதற்கு இலவசம்? அக்கா கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை.

அது எப்படிப் பேசியது தெரியுமா? ரொம்பப் பணிவாக... "ஐயோ, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறதே! நான் சரிசெய்யட்டுமா?" சரி. "பழைய மென்பொருளை நீக்கிவிட்டேன். மிச்சம் மீதி நிறைய இருக்கிறதே... அழிக்கட்டுமா?" கீழே ஒரு நீளமான பட்டியல். எல்லாவற்றுக்கும் அதுவே டிக் போட்டு வைத்திருந்தது. யார் கேட்டார்கள் அதை?

அக்கா பட்டியலைப் படிக்கவில்லை. சரி என்று அழுத்தினார். திரைக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார்.

லீவு முடிந்தது. கடை திறந்ததும் இசக்கி வந்து நின்றாள். அன்றைக்குத்தான் வாக்குமூலம் கொடுக்கக் கடைசி நாள். அக்கா தேடினார்... காணோம். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் தேடினார்... அங்கேயும் இல்லை. ஏன்? அக்காவுக்கு ஒரு கைப்பழக்கம். எதில் டைப் அடித்தாலும் அந்தப் பழைய மென்பொருளின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைப்பார். அந்த ஃபோல்டரைத்தான் மிச்சம் மீதி என்று, குப்பைத் தொட்டிக்குக்கூட அனுப்பாமல், அது அழித்துவிட்டது. சர்வீஸ் கடைக்காரர், "மீட்க முடியுமான்னு பாக்கவே ஒரு வாரம் ஆகும்" என்று கையை விரித்தார்.

"திரும்பச் சொல்லு இசக்கி, நான் வேகமா அடிச்சிருதேன்."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். கடை நிறையக் கூட்டம். ஜெராக்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? அவள் கணவனின் சித்தப்பா!

"என்ன மருமவளே, இங்க என்ன சோலி?" என்று சிரித்தார்.

இசக்கி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்... அந்த ஒன்றைத் தவிர.

அக்கா குனிந்து, "இன்னொண்ணு சொன்னியே..." என்று கிசுகிசுத்தார்.

"வேண்டாம்க்கா. சித்தப்பா திரையையே பாத்துக்கிட்டு இருக்காவ. கோர்ட்டுக்குப் போகுமுன்ன அவருக்குத் தெரிஞ்சா, பிள்ளையை ராவோட ராவா எங்கயாவது கொண்டு போயிருவாவ."

விசாரணை வந்தது. நீதிபதி கேட்டார்: "குழந்தைக்கு அங்கே என்ன குறை? இதில் ஒன்றும் இல்லையே அம்மா?" இசக்கி அழுதுகொண்டே மாடி அறையைச் சொன்னாள். உடனே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்: "வாக்குமூலத்தில் இல்லாததை இன்று ஜோடிக்கிறார்கள், ஐயா!"

வழக்கு தள்ளிப்போனது. பிள்ளை இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

தோழிகளே, நம் கையிலும் இப்போது மடிக்கணினி இருக்கிறது. மெதுவாக ஓடுகிறது என்று நாமும் எதையாவது நீக்கத்தான் போகிறோம். நீக்குங்கள், தப்பில்லை. கணினியோடு வந்த வசதியிலேயே நீக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதவில்லையா? செய்தவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். முக்கியமானதை முதலில் பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். பட்டியல் வந்தால் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாத வரிக்கு டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் குப்பை கிடந்தால் குடியா முழுகிவிடும்?

ஏனென்றால் எது குப்பை என்று அதற்குத் தெரியாது... ஒரு பிள்ளை பட்ட பாட்டைக் குப்பை என்று கணக்கெடுத்தது அந்த மென்பொருள். அதற்குச் சரி என்று அழுத்தியதோ, இசக்கிக்கு உதவ உட்கார்ந்த ஒரு நல்ல மனுஷியின் விரல்.