பூட்டு மாப்பிள்ளை

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். ஆசைத்தம்பி செய்து கொடுத்தது. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அதே ஆசைத்தம்பிதான், செக்காலைப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருந்தவன். நாடகம் எழுத ஆரம்பித்த பிறகு அவனுக்கு மர வேலையில் கவனம் குறைந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், சிரிப்பான்.

என்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். சம்சுதீன், நாவலாசிரியன். அறுபத்தேழில் என் நாவலுக்கு அரசு விருது கிடைத்தது. அடுத்து கலை பண்பாட்டு அதிகாரி ஆக்கினார்கள். காரும் பியூனும் வந்தன, எழுத்து போய்விட்டது. பேனாவை எடுத்தால், மேலே யாராவது இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றும். பதவியை விட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பேன். காலையில் கார் வந்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

என் அத்தா பீர் முகம்மது கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல் இருந்தார். வீட்டுக்காரர்கள் எல்லாம் மலேயாவில். அவ்வளவு பெரிய வீட்டில் அத்தாவுக்கு முகப்பில் ஒரு மூலைதான், உள்கட்டுச் சாவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கேட்பவர்களிடமெல்லாம் "நம்ம வீடு" என்பார். எங்கள் அம்மா சுலைகாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "வீட்டோட மாப்பிள்ளையப் பாத்திருக்கேன். நீக பூட்டு மாப்பிள்ளை. பூட்டக் கட்டிக்கிட்டுல்ல அங்குட்டே கெடக்கீக" என்பார். அந்தத் தெருவே கேட்டுச் சிரிக்கும்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. நாவலில் அத்தாவை ஜவுளி வியாபாரி ஆக்கிவிட்டேன், அந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை. வளர்ந்த பிறகு ஆசைத்தம்பி ஒருவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். நான் பதவி ஏற்ற அன்று இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எடம் பெருசாத்தான் இருக்கு மாப்ள. சாவி யார்ட்ட?" என்றான். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

எழுபத்தாறு, நெருக்கடி நிலை. கீழச்சிவல்பட்டியில் யாரோ அனுமதி இல்லாமல் ஒரு நாடகம் போட்டார்கள். வீட்டைப் பூட்டி எல்லோரையும் உள்ளே வைத்துவிட்டு, வீடே தன்னுடையது என்று நினைக்கும் காவல்காரனின் கதை. பெயர் 'பூட்டு மாப்பிள்ளை'. எழுதியவர் பெயர் இல்லை. போலீஸ் அதிகாரி ஞானசம்பந்தம் அதன் பிரதியை இந்த மேசைமேல் வைத்தார். அவர் தஞ்சாவூர்க்காரர்.

"சார், நீங்க எழுத்தாளர். இது எந்த ஊர் வார்த்தை, யார் வீட்டுல சொல்றதுன்னு தெரிஞ்சாப் போதும். ஆளைப் புடிச்சிடுவோம்" என்றார்.

தலைப்பைப் பார்த்ததுமே எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் ஊர் ஊராக விசாரிப்பார்கள். கானாடுகாத்தானில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சுலைகா சொன்ன வார்த்தை என்பார். நாடகத்தை எழுதியதே நான்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நிதானமாக, நிபுணர் என்ற முறையில் பதில் சொன்னேன். "கதவுக்குப் பூட்டு வைக்கிற தச்சர் வீடுகளில் பேசுவது. ஆசைத்தம்பி வீட்டில் கேட்டிருக்கிறேன்."

அன்றே அவனைக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி நாகவல்லி வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாக. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

சில நாளில் ஞானசம்பந்தம் மறுபடியும் வந்தார். "நாடகம் தன்னுதுன்னு ஒத்துக்கிட்டான் சார். ஆனா அவங்க வீட்டுல எல்லாரும் அந்த வார்த்தையே தெரியாதுங்கிறாங்க. யார் சொல்லிக்கொடுத்தான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். கூட இன்னொருத்தன் இருக்கான் போல. இவனை விட்டுட்டு வெளியில விசாரிக்கலாமான்னு பார்க்கிறேன்."

வெளியில் என்றால் கானாடுகாத்தான். "வேண்டாம். அவனுக்குத் தெரியும், மறைக்கிறான். இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

கேளுங்கள் என்றுதான் சொன்னேன், அடியுங்கள் என்று சொல்லவில்லை. கேட்பது என்றால் அங்கே என்ன அர்த்தம் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். அவன் என் பெயரைச் சொல்லிவிட மாட்டானா, அந்தப் பயம் இல்லையா என்பீர்கள். இல்லை. ஆசைத்தம்பி செத்தாலும் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டான். அந்த நட்பின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அது வீண்போகவில்லை. மறுநாள் காலையில் நெஞ்சுவலி என்று எழுதி உடலைக் கொடுத்தார்கள். சுடுகாடு வரை நானும் போனேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. அந்த நாடகத்தை எங்கள் துறையே புத்தகமாகப் போடுகிறது, முன்னுரை என்னுடையது. 'பூட்டு மாப்பிள்ளை என்பது ஆசைத்தம்பி தன் தச்சர் குலத்திலிருந்து தமிழுக்குத் தந்த சொல்' என்று எழுதியிருக்கிறேன். நாகவல்லி அதைப் படித்துவிட்டு வந்து, அதோ அந்தக் கதவருகே நின்றாள். "போலீசு கேட்டப்போ தெரியாதுன்னுட்டேன். அது சுலைகா அம்மா சொன்னதுன்னுல்ல எங்க வீட்டுக்காரவுக சொல்லுவாக, அண்ணே" என்றாள். பிறகுதான் உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அது என் தாயின் சொல். என் நாவலில் வைத்திருந்தால் காலமெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைத்தான் நான் அவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஒரு நண்பனுக்கு இதைவிடப் பெரிதாக யார் என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள்.