தீத்தடை நாள்

"க்ளெனிஸ் அக்கா, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க. ஆறினா அப்புறம் கூரைத் தகரம்தான்" என்று வேலிக்கு மேலே ரொட்டியை நீட்டுவார் குர்பான்.

"தகரம்னாலும் வெண்ணெய் தடவித் தின்னுடுவேன், குடுங்க" என்பேன்.

அண்டை வீட்டுக்காரர் அப்படித்தான் அமைய வேண்டும், இன்ஸ்பெக்டர். ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்தவர். அவர் மகள் மசூமாவைத்தான் என் மகன் லாக்லன் விரும்பினான். நல்ல பெண். ஆனால் கல்யாணம் ஆனதும் மெல்பர்னுக்குப் போய்விடுவோம் என்றார்கள். ஊரின் மனசு தெரிந்தால் அவளே ஒதுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஊரின் முகநூல் குழுவை நடத்துவது நான்தான். காணாமல் போன நாய், கிளப்பில் இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல், அவ்வளவுதான் அதில் வரும். எங்கள் ஊர்க் கோடையான ஜனவரியில், காட்டுத்தீ பயத்தால் வெளியில் தீ மூட்ட முழுத் தடை விதித்த அன்று, குர்பான் கொல்லை அடுப்பில் ரொட்டி சுடும் படத்தைப் போட்டேன். "இன்னைக்குத் தடைன்னு எல்லாருக்கும் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டேன். பொய் எதுவும் எழுதவில்லை. ஜூலைக் குளிரில் எடுத்த படம். அவர் தலையில் கம்பளித் தொப்பிகூட இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. படத்துக்குக் கீழே பதில்கள் குவிந்தன.

"படகுல வந்தவனுக்கு நம்ம சட்டம் எங்க தெரியும்?"

"சோறு போட்டு வளர்த்தோம்ல, ஊரையே கொளுத்துவான்."

ஒருவர் குர்பானின் வீட்டு முகவரியைப் போட்டார். எங்கள் குழுவில் கெட்ட வார்த்தைக்கு இடமில்லை. ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினேன். முகவரியில் கெட்ட வார்த்தை இல்லை.

படத்தை நீக்கியிருக்கலாம். நீக்கினால், ஏன் போட்டாய் என்று லாக்லன் கேட்பான்.

பிள்ளைகள் இருவரும் வீடு பார்க்க மெல்பர்ன் போயிருந்தார்கள். மதியம் குர்பானிடம் போய், "கதவைப் பூட்டிட்டு உள்ளயே இருங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் அக்கா."

என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. பிறகு ஊர்க்காரர்களின் வண்டிகள் வந்தன. அன்று எங்கள் ஊரில் எரிந்தது அந்த ஒரு வீடுதான். புகை உள்ளே வராமல் என் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினேன். வெளியே ஓடி வரச் சொல்லி யார் யாரோ அவர் கதவைத் தட்டினார்கள். அவர் திறக்கவில்லை.

நான் தீ வைக்கவில்லை. என் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். இந்த அறைக்கு வெளியே லாக்லன் மசூமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்; என் முகத்தைப் பார்ப்பதில்லை. வருஷக்கணக்கில் நான் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றை நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போகாதடா."