கழுத்து லேபிள்

— ரெண்டு புக்கிங் பாரத்தையும் மடியில போட்டு உக்காந்திருந்தா எப்பிடி நஜீமுதீன் பாய்? அஞ்சு மணிக்குள்ள ஒண்ண நெரப்பிக் குடுக்கச் சொன்னாக. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஷோரூம்காரக, அந்தப் பக்கம் ஒரு ஷோரூம்காரக, ரெண்டு பேரும் கண்ணாடி வழியா நம்மளத்தான் பாக்குறாக.

— பாக்கட்டுங்க தவசி. இருபத்தாறு வருசம் நீங்க ஓட்டி, நான் பக்கத்துல உக்காந்து வந்த வண்டி. நாளைக்கு இந்த அம்பாசிடரை வெலைக்கு வாங்குன மகுடேஸ்வரன் வந்து குண்டடத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு. இன்னும் சித்த நேரம் உக்காந்துக்கறேனுங்க.

— அது நெசந்தான். எனக்கும் எறங்க மனசில்ல. இருந்தாலும் முடிவு பண்ணணும்ல. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

— இதுல யோசிக்க என்னுங்க இருக்குது? இந்தப் பக்கந்தான். நம்ம நாட்டுக் கம்பெனி வண்டி. நெருப்பெரிச்சல் ஊர்ல பனியன் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து வெளிநாட்டுக்காரன் பேரு போட்ட வண்டியில நான் கால் வெச்சதில்லீங்க.

— ஒருக்க வச்சீக. உங்க மகன் தௌபிக் தம்பி நிக்காஹ்வுக்குப் பொண்ணு வீட்டுல அனுப்புன வண்டியில.

— அது சம்பந்தி வண்டிங்க. அதைச் சேத்தாதீங்க.

— சேக்கல. ஆனா ஊரே மாறிப்போச்சு பாய். அந்தப் பக்கத்து வண்டி ஏசி என்ன, ஓட்டம் என்ன. குலுங்காமப் போகுது.

— மூணு நாளா இதே பாட்டுப் பாடறீங்க. கேளுங்க, சொல்றேன். நம்ம கம்பெனி வண்டின்னா அவிநாசிபாளையத்துல கன்னையன் பட்டறையிலயே கழட்டி மாட்டிருவாரு. எந்த ஊர்ல நின்னாலும் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்லீங்க. டிக்கியும் பெருசு. நாலு பேரு பெட்டியோட ஏறிக்கலாம்.

— உங்களுக்கு எதுக்கு பாய் நாலு பேரு பெட்டி? நீங்களும் குல்சார் பேகம் அம்மாவும் ரெண்டே பேரு. அம்புட்டு டிக்கிய வச்சு என்ன பண்ணப் போறீக?

— இருக்கட்டுங்க. ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்குமுங்களா?

— டிக்கின்னதும் நெனப்பு வருது. தீவாளிக்கு முந்துன வாரம் நூல் மூட்டைய டிக்கியில திணிச்சு, டெய்லர்மாரு எட்டுப் பேர உள்ள ஏத்தி, கருத்தம்மா மடியில ஒருத்தி, அவ மடியில சோத்துத் தூக்கு.

— என் மக மஹ்னூரு பொறந்தப்ப குல்சாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஞாபகம் இருக்குதுங்களா? பின்னாடி சீட்டுல படுத்துட்டு, நீங்க மெதுவாப் போறீங்கன்னு உங்களைத்தானுங்க திட்டுனா. என்னைத் திட்டலை.

— பொண்ணு பொறந்ததும் மொத மிட்டாய் எனக்குத்தான் குடுத்தாக.

— எனக்கு அந்த அமெரிக்காக்காரரைத்தானுங்க மறக்க முடியலை. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல எல்லாக் கம்பெனிக்காரங்களும் வெளிநாட்டு வண்டியோட நிக்கறாங்க. நாம இதைக் கொண்டுபோயி நிறுத்துனோம். அவரு ஏறி உக்காந்து, சீட்டைத் தட்டிப் பாத்து, சிரிச்சாருங்க. தன் நாட்டுல செஞ்சதுல போறவன் தான் செய்யறதையும் ஒழுங்காச் செய்வான்னு சொன்னாரு. மறுநாளே மொத ஆர்டர்.

— சூலூர் தாண்டி எளனி குடிச்சாக. குடிச்சுட்டு அந்த எளனிக் கூட்டக் கையில வச்சுக்கிட்டே திருப்பூரு வரைக்கும் வந்தாக.

— அவருதானுங்க போன மாசம் மெயில் போட்டாரு. அவங்க நாட்டுல நம்ம துணிக்கு வரி ஏத்திட்டாங்களாம். அவங்கவங்க நாட்டுல செஞ்சதையே வாங்கோணும்னு சனங்க பேசறாங்களாம். இனிமே நம்ம சரக்கை எடுக்க முடியாது, மன்னிச்சுக்கோன்னு எழுதிருக்காரு.

— நீங்க என்ன பதில் போட்டீக?

— என்னன்னு போடறதுங்க? ஆயுசு பூரா நான் பேசுன பேச்சை அவரு எனக்குத் திருப்பி எழுதிருக்காரு. குல்சார்கிட்ட படிச்சுக் காட்டுனேன். இது உங்க பேச்சாச்சுங்களேன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கோவிச்சுக்கக்கூட எனக்கு வழியில்லீங்க.

— அப்பறமும் எதுக்கு பாய் அந்தப் பிடிவாதம்? விட்டுட்டு அந்தப் பக்கத்து வண்டிய எடுங்க.

— தவசி, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தப் பக்கத்துக்காரங்க உங்களுக்கு ஏதாச்சும் தர்றேன்னாங்களா?

— இம்புட்டு வருசத்துல உங்க டீசல் காசுல ஒரு டீ குடிச்சிருப்பேனா பாய்?

— தெரியுமுங்க. வாய் தவறிப்போச்சுங்க.

— மனசுல இல்லாதது வாய்க்கு வராது. போகட்டும். நானும் ஒண்ணு ஒளிச்சுத்தான் வச்சிருக்கேன். எம் மகன் முனீஸ் எங்க வேல பாக்கான்?

— மெட்ராஸ் பக்கம் பம்பு கம்பெனின்னீங்க.

— பொய். ஆறு வருசமாச் சொன்ன பொய். அந்தப் பக்கத்து ஷோரூம்ல நிக்குதே, அந்த வண்டி செய்யிற பேக்டரியில கதவு மாட்டுற எடத்துல நிக்கான். அவன் சேந்த வாரந்தான் நீங்க கட்டிங் டேபிள்கிட்ட எல்லாரையும் வச்சுக்கிட்டு, வெளிநாட்டுக்காரனுக்குக் கார் செஞ்சு குடுக்கப் போறவன் நாட்ட வித்தவன்னு பேசுனீக.

— அல்லா. அப்படியாங்க பேசுனேன்?

— எல்லாரும் கை தட்டுனாக பாய். நானுந் தட்டுனேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமுங்களே.

— எப்பிடிச் சொல்ல? அவன் ஊருக்கு வந்தாக்கூட கம்பெனிப் பக்கம் வராதடாண்டு பஸ் ஸ்டாண்டுலயே பாத்துட்டு அனுப்பிருவேன். சரி, கருத்தம்மா லேபிள் மாத்தித் தச்சது ஞாபகம் இருக்கா?

— மறக்குமுங்களா? வேற நாட்டுப் பேரு போட்ட லேபிள் கட்டு ஒண்ணு கலந்து வந்துருச்சு. இங்கிலீசு தெரியாத புள்ள, மூவாயிரம் பனியனுக்கும் சைடுல அதையே வெச்சுத் தெச்சுப்போட்டா. நானு, நீங்க, குல்சாரு எல்லாரும் ரெண்டு நாள் உக்காந்து பிரிச்சோமுங்க.

— வெரலெல்லாம் ஊசி குத்துன கடுப்புல நான் கேட்டேன். கழுத்துல அமெரிக்காக்காரன் கம்பெனி பேருதான் இருக்கு, சைடுல எந்த ஊரு பேரு இருந்தா என்னண்டு. நீங்க என்ன சொன்னீக?

— கழுத்துல இருக்கறது விக்கறவன் பேரு, சைடுல இருக்கறதுதான் செஞ்சவன் பேருன்னேனுங்க.

— அதத்தான் நானும் சொல்றேன். அந்தக் காரு மூக்குல இருக்குறது கழுத்து லேபிளு. போன செவ்வாக்கெழம நான் தனியாப் போயி கதவத் தொறந்து பாத்தேன். பனியனுக்குப் பாக்குற மாதிரி சீட்டு ஓரத்துல எல்லாம் தேடுனேன். கடைசியில கதவு மூடுற எடத்துல ஒட்டியிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மேட் இன் இந்தியா. இது எம் புள்ள மாட்டுன கதவா இருக்கும்ண்டு தடவிப் பாத்துட்டு வந்தேன்.

— இந்தப் பக்கத்து வண்டியிலயும் யாரோ பெத்த புள்ளதானுங்க கதவு மாட்டியிருப்பான்.

— இருப்பான் பாய். இல்லைன்னு சொல்லல. ஆனா அது முனீஸ் இல்லையே.

— முனீஸ் என்னைப் பத்தி என்ன நெனைச்சிருப்பானுங்க?

— ஒண்ணும் நெனைக்கல. பாய் கம்பெனி பனியனத்தான் இன்னமும் உள்ள போட்டுக்கிட்டு வேலைக்குப் போறான்.

— பேனாவைக் குடுங்க தவசி. அந்தப் பக்கத்து பாரம் எதுங்க?

— நீலக்கலரு. நெசமாவா?

— நெசமாத்தானுங்க. முனீஸ்கிட்ட நானே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன். நம்பரை அப்பறம் குடுங்க.

— அதெல்லாம் வேண்டாம் பாய். வண்டி வந்த அன்னைக்கி அவன் மாட்டுன கதவ நான் உங்களுக்குத் தொறந்துவிடணும். எனக்கு அது போதும்.

— இந்தாங்க, எழுதிட்டேன். போயிக் குடுத்துட்டு வாங்க.

— குடுக்குறேன். வாங்குறவர் பேரு... பாய், பேச்சு மும்முரத்துல எம் பேர எழுதி வச்சிருக்கீக. உங்க பேர எழுதணும்.

— சரியாத்தானுங்க எழுதியிருக்கேன். வாடகைக்கு ஓட்டிப் பொழைச்சுக்குங்க தவசி. வர்ற வெள்ளிக்கெழமையோட கம்பெனியை மூடறேனுங்க, எனக்கு இனிமே கார் ஏறிப் போறதுக்கு ஒரு எடமில்லீங்க.